அறுப்பு மெஷின் வந்த பிறகு பாகூரில் யாருக்கு என்ன வேலை?

ரோபோ வரப் போகிறது, செயற்கை நுண்ணறிவு வரப் போகிறது, இன்னும் பத்து வருடத்தில் பாதிப் பேருக்கு வேலை இருக்காது... டி.வி.யில் கோட்டு போட்டவர்கள் இதைப் பற்றி விவாதம் செய்யாத வாரம் இல்லை. எல்லோரும் எதிர்காலத்தில்தான் பேசுகிறார்கள். "வரப் போகிறது", "போகப் போகிறது"! புதுச்சேரியின் பாகூர், வில்லியனூர் கொம்யூன்களில் வயல் வேலை பார்த்து வளர்ந்த அறுபது வயது அம்மா யாரிடமாவது இதைச் சொன்னால் சிரித்துவிடுவார். அவரைப் பொறுத்தவரை அது வந்தாகிவிட்டது. கூலி வேலையின் பெரும் பகுதியை எடுத்துக்கொண்டு போயும் விட்டது. அதற்கு ரோபோ என்று பெயர் இல்லை, அவ்வளவுதான். ஊரில் அதை அறுப்பு மெஷின் என்பார்கள்.

பாகூரைப் புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று சொல்வது வழக்கம். சொர்ணாவூர் அணைக்கட்டில் தென்பெண்ணையாற்றுத் தண்ணீர் பிரிந்து பங்காரு வாய்க்கால் வழியாக பாகூர் ஏரிக்கு வருகிறது. ஊசுட்டேரிக்கு அடுத்தபடியாக புதுச்சேரியின் பெரிய ஏரி இதுதான். சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று பட்டம். 9ஆம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்துச் செப்பேடு ஒன்று இந்த ஊரில் கிடைத்தது. பாகூரில் இருந்த கல்விச்சாலைக்கு மூன்று ஊர்களின் வருமானம் ஒதுக்கப்பட்டதை அது சொல்கிறது. படிப்புச் செலவை நெல் கட்டுவது இங்கே ஆயிரம் வருடத்துக்கும் மேலான பழக்கம்! இன்றும் செமஸ்டர் பீஸ் கட்டும் மாதமும் நெல் மூட்டை போகும் மாதமும் ஒத்துப்போகிற வீடுகள் அந்தப் பக்கம் நிறைய உண்டு. சரி, விஷயத்துக்கு வருவோம்.

கையால் அறுப்பது என்றால் என்ன என்பதை இப்போது இருபது வயதில் இருப்பவர்கள் அநேகமாக முழுசாகப் பார்த்திருக்க மாட்டார்கள். விடிவதற்குள் ஆட்கள் வயலில் இறங்க வேண்டும். கையில் கருக்கரிவாள். அரி அரியாக அறுத்துப் போட்டு, காயவிட்டு, அப்புறம் கட்டு கட்ட வேண்டும். கட்டுகளைத் தலைச்சுமையாகக் களத்துமேட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே அடித்து, மிச்சத்தை மாடு கட்டிப் போரடித்து (பின்னாளில் மாட்டுக்குப் பதில் டிராக்டரைச் சுற்ற விட்டார்கள்), காற்று வரும் திசை பார்த்துத் தூற்றிப் பதரைப் பிரித்து, அதன் பிறகு அளக்க வேண்டும். ஏக்கருக்குப் பதினைந்து இருபது ஆள் வேலை. அத்தனையும் நாலைந்து நாளைக்குள் முடிய வேண்டும், இல்லையென்றால் மழை வந்து கெடுக்கும்.

கூலியைப் பெரும்பாலும் நெல்லாகத்தான் அளந்தார்கள். இதை ஏதோ பழங்கதை என்று தள்ளிவிட முடியாது. களத்தில் மரக்காலால் அளந்து வாங்கிய நெல் கூலிக்காரர் வீட்டில் சில மாதங்களுக்குச் சாப்பாடு. அரிசி விலை ஏறினாலும் இறங்கினாலும் அந்த வீட்டை அது தொடாது. அறுவடைக் கூலி எத்தனை பெரிய விஷயம் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே கொடூரமான சாட்சி இருக்கிறது. 1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் 44 பேர் குடிசையோடு எரிக்கப்பட்டார்கள். அதற்கு முன்னால் நடந்த தகராறின் மையத்தில் இருந்தது கூடுதல் நெல் கூலி. அதற்கு அடுத்த ஆண்டு வந்த தமிழ்நாட்டு நியாயக் கூலிச் சட்டமும் தஞ்சை மாவட்டத்து விவசாயக் கூலியைத்தான் நிர்ணயித்தது. இத்தனை ரத்தம் சிந்திப் பேசி முடித்த கூலியை, யாரும் எதிர்க்காமல், ஒரு துண்டறிக்கைகூட இல்லாமல் கணக்கிலிருந்தே எடுத்துவிட்டது ஒரு மெஷின்.

அந்த மெஷின் செய்வதை வரப்பில் நின்று பார்த்தால் பிரமிப்பாகத்தான் இருக்கும். முன்னால் சுழலும் சக்கரம் பயிரை உள்ளே தள்ளுகிறது, கத்தி அறுக்கிறது, உள்ளே டிரம் சுற்றி நெல்லை உதிர்க்கிறது, சல்லடையும் காற்றாடியும் பதரைப் பிரிக்கின்றன, நெல் தொட்டியில் சேருகிறது, வைக்கோல் பின்னால் விழுகிறது. மேலே சொன்ன அத்தனை வேலையும் ஏக்கருக்கு ஒரு மணி நேரம், கொஞ்சம் முன்னே பின்னே. தொட்டி நிரம்பியதும் டிராக்டர் டிப்பரில் கொட்டிவிட்டுத் திரும்பிவிடும். காய்ந்த வயலுக்கு டயர் வண்டி, சேற்று வயலுக்கு பெல்ட் வண்டி. வாடகை மணிக்கணக்கு. சேலம், ஆத்தூர் பக்கத்து வண்டிகள் சீசனுக்கு ஊர் ஊராகப் போய் அறுக்கின்றன. ஒரு டிரைவர், ஒரு உதவியாளர், இடையில் ஒரு புரோக்கர். முன்பு இருபது பேர் நின்ற இடத்தில் இப்போது மூன்று பேர். அந்த மூன்று பேரில் உள்ளூர்க்காரர் ஒருவர் இருந்தால் அதிகம், பெண் ஒருவர்கூட இருப்பதில்லை.

வேலை போனது அறுத்தவர்களுக்கு மட்டும்தான் என்று நினைத்தால் கணக்கு பாதியிலேயே நின்றுவிடும். அரிவாளுக்குக் கருக்கு வெட்டிக் கொடுத்த கொல்லர் என்ன ஆனார்? களத்தில் அவருக்கும் பங்கு நெல் உண்டு. சலவைத் தொழிலாளிக்கும் முடி திருத்துபவருக்கும் உண்டு. அறுப்பு முடிந்த வயலில் உதிர்ந்த கதிரைப் பொறுக்கிச் சேர்த்து ஒரு மூட்டை தேற்றிய கிழவிகள் இருந்தார்கள். அப்புறம் வைக்கோல். கையால் அறுத்தால் நீளமான வைக்கோல் கிடைக்கும், போர் போட்டு வைத்தால் வருடம் முழுக்க மாட்டுக்குத் தீனி. மெஷின் அறுத்த வைக்கோல் வயலெல்லாம் இறைந்து கிடக்கிறது. அதைச் சுருட்டிக் கட்ட இன்னொரு மெஷின் வருகிறது, அதற்குக் கட்டுக்கு இவ்வளவு என்று தனி வாடகை. முன்பு ஒன்றிரண்டு மாடு வைத்துப் பால் ஊற்றிய கூலிக் குடும்பங்கள் வேலையோடு வேலையாகக் கொஞ்சம் வைக்கோலும் கொண்டுபோகும். இப்போது காசு கொடுத்து வாங்க வேண்டும். பாண்லேவுக்கு ஊற்றும் பாலின் லாபம் அந்த இடத்தில் கொஞ்சம் கரைகிறது. இதையெல்லாம் எந்தப் பொருளாதாரப் புள்ளிவிவரமும் எண்ணுவதில்லை. எண்ணினாலும் 'வேலை இழப்பு' என்ற தலைப்பின் கீழ் போடாது.

இனி எதிர்த்தரப்பு. நிலத்துக்காரரைக் கேட்டால் வேறு கதை வரும். "ஆள் எங்கே கிடைக்குது? ஆள் கிடைச்சா நான் எதுக்கு மெஷினுக்கு அலையுறேன்?" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. சேதராப்பட்டு, மேட்டுப்பாளையம், திருபுவனை என்று தொழிற்பேட்டைகள் வந்த பிறகு பையன்கள் வயலுக்கு வருவதை நிறுத்தினார்கள். விடியற்காலையில் கம்பெனி வேன் வந்து பெண்களையும் ஏற்றிக்கொண்டு போகிறது. (திருபுவனையில் இருக்கும் விர்ல்பூல் ஆலை தயாரிப்பது துணி துவைக்கும் மெஷின். ஒரு வீட்டு வேலையைக் குறைக்கும் மெஷினைச் செய்வதே இங்கே பல பேருக்கு வேலை!) 2005இல் சட்டமான நூறு நாள் வேலையும் சேர்ந்துகொண்டது. அதில் கூலி குறைவுதான். ஆனால் இதற்குக் கீழே கொடுத்தால் வரமாட்டோம் என்று சொல்வதற்கு ஒரு தரை கிடைத்தது. கூலி ஏறியது, நிலத்துக்காரர் மெஷினைப் பார்த்தார். மெஷின் வந்ததும் அறுப்பு வேலை குறைந்தது, இருந்தவர்களும் வேறு வேலைக்குப் போனார்கள். அடுத்த வருடம் ஆள் இன்னும் கிடைக்கவில்லை, மெஷின் இன்னும் அதிகம் வந்தது. ஆள் இல்லாததால் மெஷினா, மெஷினால் ஆள் இல்லையா என்று கேட்டால் பதில் எந்த வருடத்தைப் பற்றிக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். குனிந்து அறுப்பதும், சேற்றில் நாள் முழுக்க நடுவதும் சுகமான வேலை இல்லை. இடுப்பு வலி, சேற்றுப்புண், வெயில். யார் எந்த வேலை செய்ய வேண்டும் என்பதைச் சாதி தீர்மானித்த காலத்தின் வேலை அது. அந்த வேலை அழிந்துவிட்டதே என்று கவிதை எழுதுபவர்கள் பெரும்பாலும் அதைச் செய்யாதவர்கள். தன் மகள் அந்த வயலில் இறங்கக் கூடாது என்றுதான் அந்த அம்மா படிக்க வைத்தார். வேலை போனதில் அவருக்கு வருத்தம் இருக்கலாம். வருமானம் போனதில் கட்டாயம் இருக்கும். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதில்தான் பாதி விவாதம் வீணாகிறது.

இதே கதை இருநூறு வருடத்துக்கு முன்பு இங்கிலாந்தில் வேறு மாதிரி நடந்தது. கதிரடிக்கும் மெஷின் வந்தபோது அங்கே கூலிக்காரர்களின் குளிர்கால வேலையே போய்விட்டது. 1830இல் கென்ட் பகுதியில் ஆரம்பித்து ஊர் ஊராக மெஷின்களை உடைத்தார்கள். 'கேப்டன் ஸ்விங்' என்று இல்லாத ஒரு ஆளின் பெயரில் பண்ணையார்களுக்கு மிரட்டல் கடிதம் போனது. அரசாங்கம் 19 பேரைத் தூக்கில் போட்டது, ஏறக்குறைய 500 பேரை ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தியது. கேப்ரட்டினி, வோத் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் 2020இல் இதை ஊர்வாரியாகக் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். மெஷின் அதிகம் இருந்த இடங்களில் கலவரமும் அதிகம் என்பது எதிர்பார்த்ததே. சுவாரசியமானது அடுத்த முடிவு: பக்கத்தில் ஆலை வேலை கிடைக்கும் நகரம் இருந்த ஊர்களில் கலவரம் குறைவு.

பாகூரில் ஏன் யாரும் அறுப்பு மெஷினை உடைக்கவில்லை என்பதற்கு இதில் கொஞ்சம் விடை இருக்கிறது. வில்லியனூரிலிருந்து புதுச்சேரி பத்து கிலோமீட்டர். பாகூருக்கு ஒரு பக்கம் புதுச்சேரி, மறு பக்கம் கடலூர். சித்தாள் வேலை, ஜவுளிக்கடை, ஓட்டல், கம்பெனி என்று ஏதோ ஒன்று கிடைத்தது. கேரளாவில் நிலைமை இப்படி இல்லாத காலத்தில் டிராக்டருக்கே எதிர்ப்பு கிளம்பியது. அதே கேரளாவின் குட்டநாட்டில் இன்று அறுவடைக்குத் தமிழ்நாட்டிலிருந்து மெஷின் வரத் தாமதமானால் விவசாயிகள் பதறுகிறார்கள்!

அந்த 'வேறு வேலை' நிரந்தரமா என்பதுதான் பயமுறுத்தும் கேள்வி. புதுச்சேரிக்காரர்களுக்கு இதற்குப் பதில் தேடி வெளியூர் போக வேண்டாம். பஞ்சாலைகளைப் பார்த்தால் போதும். 1898இல் தொடங்கிய ரோடியர் மில், பின்னாளில் ஏ.எஃப்.டி., ஒரு காலத்தில் சுற்றுக் கிராமங்களுக்கெல்லாம் சம்பளம் கொடுத்தது. மில் வேலை என்றால் கல்யாணச் சந்தையில் தனி மரியாதை. 1936 ஜூலை 30 அன்று பிரெஞ்சு அரசின் துப்பாக்கிச் சூட்டில் 12 மில் தொழிலாளர்கள் உயிர் கொடுத்து, மறு ஆண்டு 8 மணி நேர வேலையைச் சட்டமாக்கினார்கள். அப்படிப்பட்ட ஊரில் ஏ.எஃப்.டி. 2020 ஏப்ரல் 30ஆம் தேதியோடு மூடப்பட்டது. சுதேசி, பாரதி மில்களும் மூடிக் கிடக்கின்றன. அங்கே வேலை போனதற்குப் புது மெஷின் காரணமில்லை, பழைய மெஷின்தான் காரணம். வேறு ஊர் ஆலைகள் நவீனமாகிக்கொண்டே போக, இங்கே காலாவதியான எந்திரங்களோடு நஷ்டத்தில் ஓட்டினார்கள். 2011 டிசம்பர் 30இல் தானே புயல் வேறு கூரையைப் பிய்த்துப் போட்டது. தானியங்கி மெஷினை உள்ளே விடாவிட்டால் வேலை பத்திரம் என்று யாராவது சொன்னால், கடலூர் சாலையில் பூட்டிக் கிடக்கும் அந்தக் கட்டடத்தைக் காட்டலாம். வாசலில் தடுத்தாலும் அது சந்தை வழியாக வந்துவிடுகிறது.

பெரிய பெரிய ஆரூடங்களையும் கொஞ்சம் பார்த்துவிடலாம். 2013இல் ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் ஃப்ரே, ஆஸ்போர்ன் இருவரும் அமெரிக்காவில் 47 சதவீத வேலைகள் ஆபத்தில் என்றார்கள். 2016இல் உலக வங்கி இந்தியாவுக்கு 69 சதவீதம் என்றது. பத்திரிகைகள் கொட்டை எழுத்தில் போட்டன. இந்த எண்கள் சொல்வது 'மெஷினால் செய்ய முடியுமா' என்பதை மட்டும். 'மெஷினை வாங்குவது லாபமா' என்பது வேறு கேள்வி. அறுக்கும் மெஷின் உலகத்தில் எத்தனையோ வருடங்களாக இருந்தது, பாகூருக்கு வரவில்லையே! இருபது ஆள் கூலி மெஷின் வாடகையைத் தாண்டியபோதுதான் வந்தது. பி.காம். காஸ்டிங் பாடத்தில் வரும் சாதாரணக் கணக்கு இது. மலிவான உழைப்பு மெஷினைத் தள்ளிப்போடுகிறது. அந்தப் பாதுகாப்புக்கு விலை குறைந்த கூலி. கூலி உயர்ந்தால் மெஷின் வரும், உயராவிட்டால் வாழ முடியாது... எந்தப் பக்கம் போனாலும் இடிக்கிறது.

மெஷினுக்கும் அதன் எல்லைகள் உண்டு. 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 48 செ.மீ. மழை. இரண்டு நாளில் சாத்தனூர் அணையிலிருந்து 1,50,000 கன அடிக்கு மேல் தண்ணீர் திறக்க, தென்பெண்ணைக் கரையோர பாகூர் கிராமங்கள் மூழ்கின. இப்படித் தண்ணீர் நின்று பயிர் சாய்ந்த வயலில் டயர் வண்டி இறங்காது. பெல்ட் வண்டிதான் வேண்டும். அதுவும் சாய்ந்த பயிரை மெதுவாகத்தான் எடுக்கும். ஒரு மணி நேரத்தில் முடிகிற ஏக்கர் இரண்டு மணி நேரம் இழுக்கும், வாடகை மணிக்கணக்கு ஆயிற்றே! முன்பு அந்த மாதிரி வயலில் ஆட்களே இறங்கிக் காப்பாற்றினார்கள். இப்போது காப்பாற்றக் கூப்பிட்டாலும் கருக்கரிவாள் பிடிக்கத் தெரிந்த கைகள் ஐம்பதைத் தாண்டிவிட்டன. பல நிலங்கள் அரை ஏக்கர், கால் ஏக்கர். வரப்புக்கு வரப்பு திரும்பவே நேரம் போகிறது.

அந்த அம்மா வயலில் சம்பாதித்துப் படிக்க வைத்த மகளும் மகனும் இன்று எங்கே? நிறைய பேர் வணிகவியல். பி.காம். முடித்து டேலி கற்றுக்கொண்டால் ஒரு ஆடிட்டர் ஆபீசிலோ, தொழிற்பேட்டைக் கம்பெனியிலோ கணக்கு எழுதும் வேலை கிடைத்துவிடும் என்பது கிராமத்துக் கணக்கு. அது பொய்யான கணக்கும் அல்ல. 2017 ஜூலை 1இல் ஜி.எஸ்.டி. வந்தபோது சின்னச் சின்னக் கடைக்காரர்கள்கூட மாதா மாதம் ரிட்டர்ன் போட ஆள் தேடினார்கள். புதுத் தொழில்நுட்பம் புது வேலையைக் கொடுத்த நல்ல உதாரணம். ஆனால் கொடுத்த கையே எடுக்கவும் ஆரம்பித்தது. மின்னணு விலைப்பட்டியல் 2020இல் 500 கோடிக்கு மேல் விற்பனை உள்ளவர்களுக்குத்தான் கட்டாயமாக இருந்தது. 2023 ஆகஸ்டில் 5 கோடி வரை இறங்கிவிட்டது. விற்றவர் பதிந்தது வாங்கியவர் கணக்கில் தானாகத் தெரிகிறது. இரண்டு பட்டியலையும் வரிக்கு வரி டிக் அடித்துச் சரிபார்த்த ஜூனியரின் வேலை, கருக்கரிவாள் போன வழியில் மெதுவாகப் போகிறது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு பில்லைப் படம் எடுத்தால் பதிவு போட்டுத் தரும் மென்பொருள்களும் பெருகிவிட்டன. வங்கிகளில் கம்ப்யூட்டர் நுழைந்த எண்பதுகளில் சங்கங்கள் போராடின. வங்கிகள் அதற்குப் பிறகு கிளைகளைப் பெருக்கின, ஊழியர்கள் பிழைத்தார்கள். இந்த முறையும் அப்படியே நடக்கும் என்று அடித்துச் சொல்வது ஜோசியம். வயலில் வேலை போன தலைமுறைக்கு ஒதுங்கப் பக்கத்தில் தொழிற்பேட்டை இருந்தது. கணக்கு மேஜையில் வேலை போகிறவர் எங்கே ஒதுங்குவார்?

இந்த இடத்தில் அரசாங்கம் என்ன செய்கிறது என்று பார்த்தால் கொஞ்சம் கோபம் வருகிறது. வேளாண் இயந்திரமயமாக்கலுக்கு மத்திய அரசுத் திட்டம் 2014-15 முதல் இருக்கிறது. மெஷின் விலையில் 40, 50 சதவீதம் வரை மானியம், வாடகை மையம் வைப்பதற்கும் உதவி. தேவைதான், சின்ன விவசாயி பிழைக்க வேண்டும். ஆனால் மெஷின் வாங்குபவருக்குப் பாதி விலை கொடுக்கும் அரசு, அந்த மெஷினால் சொந்த ஊரில் வருடத்துக்கு இரண்டு மாத வேலையை இழந்த பெண்ணுக்கு என்று தனியாக ஒரு பத்தி எழுதவில்லை. ஆண் டிரைவர் ஆனான், புரோக்கர் ஆனான், கம்பெனிக்குப் போனான். நாற்பத்தைந்து வயதான பெண்ணைக் கம்பெனி வேன் ஏற்றாது. களையெடுப்பு கொஞ்சம் மிச்சம் இருந்தது, அதையும் களைக்கொல்லி மருந்து குறைத்துவிட்டது.

நடவு இன்னும் முழுசாகக் கைமாறவில்லை. நடவு மெஷினுக்குச் சாதாரண நாற்று உதவாது. பாய் நாற்றங்கால் வேண்டும்: தட்டில் மெல்லிசாக மண் பரப்பி, விதையை ஒரே சீராகத் தூவி, பதினைந்து நாளில் பாய் போலச் சுருட்டி எடுக்கிற நாற்று. இது பெரிய பலம் கேட்காத, பக்குவம் கேட்கும் வேலை. தண்ணீர் கூடினாலும் குறைந்தாலும் நாற்று மெஷினில் சிக்கும். குரும்பாப்பட்டில் காமராஜர் வேளாண் அறிவியல் நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது, கற்றுக்கொடுக்க ஆள் இருக்கிறார்கள். சுய உதவிக் குழுக்கள் ஏரிக்கரை ஊர்களில் எல்லாம் இருக்கின்றன. நாற்றுத் தட்டு வளர்த்து மெஷின்காரருக்கு ஏக்கர் கணக்கில் விற்கும் வேலையையும், முடிந்தால் அந்த மெஷினின் ஸ்டியரிங்கையும் அந்தப் பெண்களிடம் கொடுக்க, மானியப் படிவத்தில் ஒரு நிபந்தனை சேர்த்தால் போதும். அடுத்த சொர்ணவாரிப் பட்டத்துக்குள் முடிகிற காரியம்தான். இல்லாவிட்டால் நாற்றுத் தட்டும் வெளியூர் லாரியில் வந்து இறங்கும்.